சைபீரியாவுக்கு 'தி' வராது

"இந்த இடத்தில சைபீரியா எது?"

பஸ்ஸிலிருந்து இறங்கிய மனிதர் கேட்ட முதல் கேள்வி இதுதான். வைகாசி மாத வெயில். தலையில் தக்கைத் தொப்பி, கையில் குடை, இடுப்பில் சங்கிலி கோத்த மணிக்கூடு. பஸ் கிளப்பிவிட்டுப் போன செம்புழுதி அவருடைய வெள்ளை வேட்டியில் மெல்ல வந்து படிந்துகொண்டிருந்தது.

மீரான் நானாவின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் உடனே கையை நீட்டினார்கள். ஒருவர் கடையின் பின்மூலையில், தகரம் ஒழுகும் இடத்தில் கிடந்த வாங்கைக் காட்டினார். இன்னொருவர் வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் எட்டாமல் வெடித்துக் கிடந்த வயலைக் காட்டினார். மூன்றாமவர் காணிக் கந்தோருக்குப் பக்கத்திலிருந்த அரசாங்க விடுதியைக் காட்டினார்.

வந்தவர் மூன்று திசையையும் ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தார்.

"ரஷ்யாவிலயே ஒண்டுதான் இருக்கு," என்றார். "இஞ்ச மூண்டோ?"

நான் சவர்க்காரம் வாங்க வந்து நின்றவள். சிரிப்பை அடக்கச் சவர்க்காரத்தை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

எப்போதும் முறையிடும் ஒருவர்

போன கிழமை நான் எழுதிய பாம்புக் கதையை வாசித்தவர்களுக்கு ஏழாம் வாய்க்கால் பழக்கமான இடம். வாசிக்காதவர்களுக்கு: அது கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி, யானையோடும் காய்ச்சலோடும் மல்லுக்கட்டி வயலாக்கிய நிலம். ஐம்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர். ஊர்ச் சங்கத் தலைவர் செல்லையா அண்ணை வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். அவருடைய மனைவி சின்னத்தங்கம் அக்கா எனக்குச் சோறு போட்டதோடு, நான் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தார்.

மூன்றாமவர் காட்டிய அந்த விடுதியில் இருந்தவர் துரைசிங்கம். காணிக் கந்தோரின் பெரிய கிளாக்கர். கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தபோது, தன் மேலதிகாரி எழுதிய கடிதத்தில் இலக்கணப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, அவருடைய மேசையிலேயே திருப்பி வைத்தவர். மேலதிகாரி நன்றி சொல்லவில்லை. அடுத்த மாதமே இவரை வன்னிக்கு மாற்றிவிட்டார்.

அந்தக் காலத்துக் கிளாக்கர்மாருக்கு இங்கிலீஷில் ஒரு பேச்சு வழக்கு இருந்தது. தண்டனையாக எங்காவது தூரத்துக்கு மாற்றினால் "சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்" என்பார்கள். இந்தியாவில் "தண்ணியில்லாக் காடு" என்பார்களாம். எங்கள் காட்டிலோ தண்ணீருக்குக் குறைவில்லை. குளம் நிறைந்தால் பள்ளிக்கூட வாசல்படியில் தவளை வந்து இருக்கும். ஆனால் துரைசிங்கத்தாருக்கு அந்தத் தவளையும் ஒரு முறைப்பாடுதான்.

"ரீச்சர், பேக்கரிப் பாண் பழசு. கடிக்கிற நுளம்பு பெரிசு. பேப்பர் ஒரு நாள் பிந்தி வருது. நேற்று நடந்ததை இண்டைக்கு வாசிக்கிற மனிசன் என்ன மனிசன்? சைபீரியா, ரீச்சர். சுத்தமான சைபீரியா."

வயல் விஷயமாகக் கந்தோருக்கு வரும் கமக்காரர்களிடமும் இதையே சொன்னார். பஸ் கொண்டக்டரிடமும் சொன்னார். மாட்டிடம் சொன்னதைக்கூட ஒரு நாள் நான் கேட்டேன்.

அகராதியில் இல்லாத ஊர்

வேடிக்கை என்னவென்றால், முதலில் அந்தச் சொல் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

பெரிய கிளாக்கர் இங்கிலீஷில் சொல்கிறார் என்றால் அது நல்ல சொல்லாகத்தான் இருக்கும் என்று செல்லையா அண்ணை நினைத்தார். புதிதாகத் திருத்திய நிலத்துக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர் போலும் என்று அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது, "நாங்கள் இப்ப சைபீரியாவிலயெல்லோ இருக்கிறம்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தார். பஸ் கொண்டக்டர் எங்கள் தரிப்பிடத்தில் "சைபீரியா இறங்குங்கோ" என்று கூவத் தொடங்கினார். ஒருவரும் தவறாக எடுக்கவில்லை.

ஒரு நாள் மாட்டு வைத்தியர் ஒருவர் ஊசி போட வந்தார். கொண்டக்டர் கூவியதைக் கேட்டு, பஸ் படியில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று செல்லையா அண்ணை கேட்டார். அவர் சொன்னார்.

அன்று பின்னேரம் செல்லையா அண்ணை என் அறை வாசலில் வந்து நின்றார். பின்னால் சின்னத்தங்கம் அக்கா.

"ரீச்சர், உங்கட பெரிய புத்தகத்தை ஒருக்கா எடுங்கோ. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு பாக்க வேணும்."

எடுத்தேன். தடித்த அகராதி. 'எஸ்' பகுதிக்குப் போய் விரலை வைத்துத் தேடினேன். அந்தச் சொல் இருக்கவில்லை.

"ஊர்ப் பேருகள் உதில வராது அண்ணை."

செல்லையா அண்ணை அந்தப் பக்கத்தில் தன் விரலையும் ஓட்டிப் பார்த்தார். "புத்தகத்திலயே இல்லாத சொல்லையோ எங்கட ஊருக்கு வைச்சவர்?"

அவருக்கு இரண்டு மடங்கு அவமானமாகப் போய்விட்டது. நான் தெரிந்ததைச் சொன்னேன். ரஷ்யாவின் கிழக்கே, பனி உறைந்து கிடக்கும் பெரிய நிலம். அரசர் காலத்திலிருந்தே பிடிக்காதவர்களையும் குற்றவாளிகளையும் அங்கே துரத்தினார்கள். அதனால் இங்கிலீஷ் பேசுகிறவர்கள், ஒருவரும் விரும்பிப் போகாத எந்த இடத்தையும் அந்தப் பெயரால் சொல்கிறார்கள்.

"விரும்பிப் போகாத இடமோ?" என்றார் சின்னத்தங்கம் அக்கா. "நான் தாலிக்கொடியை அடகு வைச்சு விரும்பி வந்தனான்."

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரின் வேர் எது என்று படித்தவர்களுக்கே இன்னும் தெளிவில்லையாம். 'தூங்கும் நிலம்' என்று ஒரு விளக்கம் உண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு. பல வருடங்களுக்குப் பிறகு வெளிநாட்டில் மகளோடு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். குசினிக் கதவுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் முழங்கையில் இடிக்கும் மேசையைத் தந்தார்கள். "அம்மா, எங்களை சைபீரியாவில இருத்திப்போட்டாங்கள்," என்றாள் மகள். அங்கேயும் அப்படித்தான் சொல்வார்களாம். ஒரு ஊரின் பெயர் எவ்வளவு தூரம் நடக்கிறது பாருங்கள். நான் சிரித்த சிரிப்பில் பரிமாற வந்த பெடியன் தண்ணீரைக் கொட்டிவிட்டான்.

கந்தோர் வாசலில்

மறுநாள் காலை ஒரு பெரிய கூட்டம் காணிக் கந்தோருக்குப் போனது. பள்ளிக்கூடமும் கந்தோரும் ஒரே வளவு. நான் பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு யன்னலோரம் நின்றேன்.

துரைசிங்கத்தார் வாசலுக்கு வந்தார். செல்லையா அண்ணை இரவு முழுக்கப் பாடமாக்கிய பேச்சைத் தொடங்கினார். காடு வெட்டிய கதை, யானை அடித்த கதை, குழந்தைகள் காய்ச்சலில் கிடந்த கதை. நன்றாகத்தான் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது. கடைசியில் இங்கிலீஷில் முடித்தால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து, விரலை நீட்டி இப்படிக் கேட்டார்:

"நாங்கள் பாடுபட்ட மண்ணைப் பாத்து, நீங்கள் எப்பிடி ஐயா 'தி சைபீரியா' எண்டு சொல்லுவியள்?"

துரைசிங்கத்தாரின் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் வாய் தன் பழக்கத்துக்குப் போனது.

"சைபீரியாவுக்கு 'தி' வராது," என்றார்.

ஒரு காகம் கரைந்தது. செல்லையா அண்ணை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அன்றிலிருந்து ஏழாம் வாய்க்கால் அவரோடு கதைப்பதை நிறுத்தியது. பால்காரர் அவருடைய வாசற்படலையில் நிற்காமல் போனார். வண்ணான் எடுத்த உடுப்பு வரவில்லை. சின்னத்தங்கம் அக்கா தெருவில் அவரைக் கண்டால் குடையை அந்தப் பக்கம் சரித்துக்கொண்டார். மீரான் நானா மட்டும் தேத்தண்ணி கொடுத்தார். செல்லையா அண்ணை கேட்டதற்கு, "கதைக்க மாட்டேன் எண்டுதான் சொன்னேன், ஊத்த மாட்டேன் எண்டு சொல்லல்லியே," என்றார்.

அந்தச் சொல்லும் குணம் மாறியது. கெட்ட மூலைக்கெல்லாம் அந்தப் பெயர் வந்தது. ஒழுகும் வாங்கு, தண்ணீர் எட்டாத வயல், எல்லாவற்றுக்கும் மேலாகத் துரைசிங்கத்தாரின் விடுதி.

தக்கைத் தொப்பி வைத்த மனிதர் வந்து இறங்கியது அந்தக் கிழமையில்தான்.

குறையே இல்லாத மாப்பிள்ளை

"நான் கார்த்திகேசு," என்று அவர் கடையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "மலாயாவில ஸ்டேசன் மாஸ்டரா இருந்து பென்சன் எடுத்தனான். துரைசிங்கம் எண்ட பிள்ளையை என்ர மகளுக்குப் பேசியிருக்கு. மாப்பிள்ளை சைபீரியாவில இருக்கிறன் எண்டு தரகரிட்டச் சொன்னவராம். அதுதான் நேரில பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

துரைசிங்கத்தார் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. செய்தி கேட்டுக் கடைக்கு வந்த செல்லையா அண்ணை விருந்தாளியைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். விரால் குழம்பு கொதிக்கும்போது குசினிக்குள் ஒரு அவசரக் கூட்டம் நடந்தது.

"கிளாக்கர் இப்ப கையில அம்பிட்டார்," என்றார் செல்லையா அண்ணை மெல்லிய குரலில். "ஒரு சொல்லுச் சொன்னால் காணும். கலியாணம் நிண்டுபோம்."

சின்னத்தங்கம் அக்கா அகப்பையை வைத்தார். "விசர்க் கதை கதையாதேங்கோ. கோவம் எங்களுக்கும் அந்த மனிசனுக்கும். பேசி வைச்ச சம்பந்தம் குழம்பினால் அந்தப் பெட்டைக்கெல்லோ பேர் கெடும்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "பெண்சாதி வந்தால் முறைப்பாட்டை அவவிட்டச் சொல்லுவார். எங்கட காது ஆறும்."

அந்த இரண்டாவது காரணம் செல்லையா அண்ணையைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்ற செய்தி சாப்பாட்டுக்கு முன்பே வளவு வளவாகப் போய்விட்டது.

கார்த்திகேசர் எருமைத் தயிரில் தேனை விட்டுப் பிசைந்தபடி விசாரணை தொடங்கினார். ரயிலில் ரிக்கற் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்துக் கேட்டார்.

"பெடியன் குடிக்கிறவரோ?"

"சோடாவும் தொடார்," என்றார் செல்லையா அண்ணை.

"கோவம்?"

"அப்பிடி ஒரு சாமான் இருக்கிறதே அவருக்குத் தெரியாது," என்றார் அக்கா.

"கடவுள் பக்தி?"

வாசலில் நின்ற மீரான் நானாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்தே போனவரு ஐயா. நான் கண்ணால கண்டேன்."

அவர் வற்றாப்பளைக்கு வண்டியில்தான் போனார். வழி நெடுக அச்சு கிறீச்சிடுகிறது என்று முறையிட்டார். அந்த வண்டியில் நானும் இருந்தேன்.

கார்த்திகேசர் கையைக் கழுவினார். அவருடைய முகம் வரவர இருண்டுகொண்டே போனது.

வேலை முடிந்து துரைசிங்கத்தார் விடுதிக்கு வந்ததும் நாங்கள் போனோம். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது என்று கார்த்திகேசர் என்னையும் கூட்டிப்போனார். வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே குனிந்து நின்றதை ஓலை இடுக்குக்குள்ளால் கண்டேன்.

ஒரு கிழமையாக மனிதக் குரல் கேளாதவர் அவர். கதிரையை இரண்டு தரம் துடைத்து இழுத்துப் போட்டார். கார்த்திகேசர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கு முன்னால் இங்கிலீஷ் எடுப்பாக இருக்கட்டும் என்று தொடங்கினார்.

"அப்ப தம்பி, நீர் இருக்கிற இடம் 'தி சைபீரியா' எண்டு சொல்லுறீர்."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். துரைசிங்கத்தாரின் வாய் திறந்து மூடியது.

"ஓம்," என்றார்.

"'தி சைபீரியா' எண்டால் குளிரெல்லோ?"

வாய் மறுபடியும் திறந்து மூடியது. காதுகள் சிவந்தன. "ஓம் ஐயா. குளிர்."

"நான் மலாயாவில இருக்கேக்க 'தி சைபீரியா' பற்றி ஒரு வெள்ளைக்காரன் சொன்னவன்..."

துரைசிங்கத்தார் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் திருத்தவில்லை. அந்த மனிதருக்குக் கலியாணத்தில் எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்காக முதல் முறையாக என் மனம் இளகியது.

பஸ் வரும் வரை

திரும்பும் பஸ்ஸுக்கு நின்றபோது கார்த்திகேசர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, ஆயுள் முழுக்க ரிக்கற் பாத்தவன் நான். குறையே இல்லாத மாப்பிள்ளை எண்டு ஊர் சேர்ந்து சொன்னால், உள்ளுக்க பெரிய குறை ஒண்டு இருக்கு. அவர் ரஷ்யாக் கட்சியோ? களவெடுத்துப் பிடிபட்டு இஞ்ச அனுப்பினவையோ? இல்லாட்டி விசரோ? சைபீரியா எண்டு ஏன் சொன்னவர்?"

"மூண்டும் இல்லை ஐயா. தூர மாற்றம் கிடைச்ச கிளாக்கர்மார் இங்கிலீஷில அப்பிடித்தான் சொல்லுவினம். மேலதிகாரியின்ர கடிதத்தைத் திருத்தினதால அனுப்பினவை."

"பிழை இருந்ததோ?"

"இருந்ததாம்."

"வேற?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "முறைப்பாடு, ஐயா. விடிஞ்சால் பொழுதுபட்டால் முறைப்பாடு. ஆரின்ர இங்கிலீஷில பிழை கண்டாலும் திருத்துவார். மற்றப்படி நல்ல மனிசன்."

"என்னை அவர் திருத்தேல்லையே."

"நீங்கள் பெண்ணின்ர தகப்பன். அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்."

கார்த்திகேசர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பி ஆடும்படி சிரித்தார். "முறைப்பாடு மட்டும்தானோ? எங்கட வீட்டில அது இல்லாமல் ஒருத்தருக்கும் சோறு செமிக்காது." பஸ் வந்தது. ஏறிக்கொண்டே செல்லையா அண்ணைக்குச் சொன்னார்: "ஆவணியில நாள் பாக்கிறம்."

சரியான பாவனை

ஊர் தனக்காகப் பொய் சொன்னதைத் துரைசிங்கத்தாருக்குச் சொன்னது மீரான் நானாதான். ஊத்தும்போது வாய் தவறிவிட்டது என்று பிறகு சாட்டுச் சொன்னார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குத் துரைசிங்கத்தார் அழையாமலே வந்தார். பள்ளிக்கூட மண்டபத்துக்குள் பின்வாசலால் நுழைந்தார். பிறகு முன்னுக்கு நடந்தார்.

"நான் அந்தச் சொல்லைப் பிழையாப் பாவிச்சுப்போட்டன்," என்றார்.

மற்றவர்களுக்கு அது சின்ன வசனம். அவரை அறிந்தவர்களுக்கு, அந்த மனிதர் நடுச்சபையில் விழுந்து கும்பிட்டதற்குச் சமம்.

செல்லையா அண்ணை இலேசில் விடவில்லை. "அப்ப சரியான பாவனை என்ன?"

துரைசிங்கத்தார் உண்மையாகவே யோசித்தார். "ஒருத்தரும் கதைக்காத இடம். போன கிழமை என்ர வீடு."

செல்லையா அண்ணை பக்கத்துக் கதிரையிலிருந்த தன் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருங்கோ," என்றார். "தேத்தண்ணி வரும்."

ஆவணியில் கலியாணம் நடந்தது. மணப்பெண் மனோன்மணி வந்த முதல் நாளே விடுதியைச் சுற்றிப் பார்த்து, யன்னல் சிறிது, கிணறு தூரம், மாப்பிள்ளை உயரம் போதாது என்று மூன்று முறைப்பாடு வைத்தாள். துரைசிங்கத்தார் மூன்றுக்கும் தலையாட்டினார். இப்படியொரு துணை கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

சாவகச்சேரியில் ஒரு பின்னேரம்

கதை அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மார்கழி விடுமுறைக்குச் சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பின்னேரம் தக்கைத் தொப்பி வாசலில் தெரிந்தது. கார்த்திகேசருக்கு மனோன்மணிக்கு மூத்த ஒரு மகன் இருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் உத்தியோகம். அவருக்கு என்னைக் கேட்டு வந்திருந்தார்.

என் தகப்பனாருக்கு ஆச்சரியம். "எங்கட பிள்ளையை நீங்கள் ஒருக்காத்தானே கண்டனீங்கள். அதுக்குள்ள என்னத்தைக் கண்டியள்?"

"முழு ஊரும் வரிசையா நிண்டு பொய் சொல்லிச்சுது. இவ ஒராள்தான் உள்ளதைச் சொன்னவ," என்றார் கார்த்திகேசர். "எங்கட வீட்டில எல்லாரும் நல்ல ஆக்கள். ஆனால் ஒருத்தரும் நேராக் கதைக்க மாட்டம். அதுக்கு ஒரு ஆள் தேவை."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னைக் கிள்ளினார். நான் வெளியே வந்து கேட்டேன்.

"அவர் முறையிடுவாரோ?"

"சீச்சீ. அவன் வாயே திறவான்."

அது உண்மைதான். என் கணவர் தங்கமான மனிதர். வாழ்ந்த காலமெல்லாம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. பகலில் வீட்டில் அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. படுத்த பிறகு மட்டும் குறட்டை விடுவார். ஓட்டில் இருக்கும் புறாக்கள் எழும்பிப் பறக்கும்.

அதை மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.